படிவம் எண் எழுபத்தேழு

ஆத்-பாஷியில் ஏப்ரலிலும் அடுப்பில் நிலக்கரி.
மேசைமேல் இரண்டு கணக்குப் புத்தகங்கள்,
இரண்டும் நான்காம் வகுப்புக்கு,
இரண்டும் பின்னத்தில் தொடங்குகின்றன.
கல்வி அலுவலகம் தந்த படிவத்தில் இரண்டே கேள்வி:
வடிவமைப்பு, பத்துக்கு எத்தனை?
பயன், பத்துக்கு எத்தனை?

ஒன்று பிஷ்கெக்கிலிருந்து வந்தது.
பிரித்தால் புது மை வாசனை.
பக்கத்துக்குப் பக்கம் மூச்சு விட இடம் இருக்கிறது,
எழுத்தும் எழுத்தும் முட்டிக்கொள்வதில்லை.
இந்த நீலத்துக்குப் பக்கத்தில்
எந்த மஞ்சளை உட்காரவைப்பது என்று
யாரோ ஒரு வாரம் யோசித்திருக்கிறார்.
அந்த ஒரு வாரத்தை நான் மதிக்கிறேன்.

மற்றதை சபீரா செய்தாள்,
பள்ளியின் நகல் இயந்திரத்தில்,
இரண்டு ஸ்டேப்ளர் முள் அடித்து.
சாம்பல் தாள்.
ஓரம் என்று ஒன்று கிடையாது,
பக்கத்தின் விளிம்புவரை கணக்கு.
ஆனால் என்ன கணக்கு!
பதினெட்டு இருக்கை மினிபஸ்ஸில்
மூன்றில் ஒரு பங்கை உருளைக்கிழங்கு மூட்டை பிடித்துக்கொண்டால்
ஏறிய பதினைந்து பேரில் நின்றுகொண்டே போவது எத்தனை பேர்?
விடை எனக்கு மனப்பாடம்.
வாரா வாரம் அந்த மூவரில் ஒருத்தி நான்.

வகுப்பில் வைத்துப் பார்ப்போம் என்று போனேன்.

பிஷ்கெக் புத்தகம், ஒன்பதாம் பக்கம்:
வட்ட ரொட்டி, நான்கு சமத் துண்டு,
பக்கத்தில் பளபளவென்று ஒரு கத்தி.
எர்மெக் கை தூக்கினான்.
"ரொட்டிக்கு யார் கத்தி வைத்தது?"
வகுப்பே சிரித்தது.
இங்கே ரொட்டியைப் பிய்ப்போம்.
பிய்த்தால் கால் என்பது எவ்வளவு?
புத்தகத்தில் பதில் இல்லை.

இல்லை என்று படிவத்தில் எழுதப் போனேன்.
அதற்குள் அவன்
அந்தப் பெரிய வெள்ளை ஓரத்தில்
கோணல்மாணலாய் நான்கு துண்டு வரைந்து
எது பெரிசு என்று பேகிமாயோடு சண்டை பிடிக்கிறான்.
அவள் அழித்து வரைகிறாள்.
அவன் அதற்குமேல் வரைகிறான்.
மணி அடிக்கும்வரை
ஒன்றும் அச்சடிக்காத இடத்தில்தான்
பாடம் நடந்தது.

மறுநாள் சபீராவின் தாள்கள்.
எழுபத்திரண்டு ஆடு, ஆறில் ஒரு பங்கு சினை,
சினையாடு எத்தனை?
பாதிப் பேர் இரண்டு என்றார்கள்.
சபீரா முகம் சிவந்துபோனாள்.
பேகிமாய் தாளைச் சன்னலுக்குத் தூக்கிப் பிடித்து,
கண்ணைச் சுருக்கி,
"பன்னிரண்டு ஆடுதானே போட்டிருக்கிறது?" என்றாள்.

மை தீர்ந்த இயந்திரம்
ஏழின் தலையைத் தின்றுவிட்டது.
ஏழு ஒன்றாகி,
மேய்ச்சலுக்குப் போகுமுன்னே
அறுபது ஆடு தாளிலேயே தொலைந்தாயிற்று.
ஒரு ஆடு காணாவிட்டாலே
இரவெல்லாம் டார்ச் அடித்துத் தேடுகிற ஊர் இது.

அன்றிரவு சபீரா வீட்டில் விளக்கு அணையவில்லை.
முப்பத்தொரு பிரதி,
பிரதிக்கு நாற்பத்திச் சொச்சம் ஏழு.
ஒவ்வொன்றுக்கும் பேனாவால் தலை வைத்தாள்.
நானும் ஒன்பது பிரதிக்கு வைத்தேன்.
அலுவலக விதிப்படி அது தவறு.

இப்போது எண் போட வேண்டும்.
எட்டு என்று எழுதி அடித்தேன்.
ஆறு என்று எழுதி அதையும் அடித்தேன்.
வடிவமைப்பு எங்கே முடிகிறது,
பயன் எங்கே ஆரம்பிக்கிறது?
கோட்டைப் போட்டவருக்குத் தெரிந்திருக்கலாம்.

கடைசியில் "குறிப்புகள்" என்று ஒரு கட்டம்,
தபால்தலை அளவு.
ரொட்டியை எழுதினேன், கட்டம் தீர்ந்தது.
ஆடுகளை விளிம்பில் ஏற்றினேன்.
ஏழின் தலைக்கு இடமில்லாமல்
தாளைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஒரே ஒரு வரி:
இங்கே எழுதக் கூடாது.
அழகான அச்சு.
மூலையில் படிவ எண் எழுபத்தேழு,
இரண்டு ஏழும் தலையோடு.